முதல் துப்பாக்கி: மயிலாப்பூரிலிருந்து டல்லாஸ் வரை ஒரு பழைய கதை

இன்னைக்கு சர்க்கரை, பிபி, தைராய்டு எதுவும் இல்ல. துப்பாக்கி. நீளமான த்ரெட், நேரம் இருக்கும்போது படிங்க.

ஒரே வாரத்துல ரெண்டு பேர் கேட்ட கேள்வியிலிருந்து இது தொடங்குது.

முதலாமவர் அடையாறுல இருக்கிற ஒரு ரிட்டயர்டு அதிகாரி. பத்து வருஷத்துக்கு மேல என்கிட்ட சர்க்கரைக்குப் பார்க்கிறார். அவரோட அனுமதியோடதான் எழுதறேன், அடையாளம் தெரியாத மாதிரி சிலது மாத்தியிருக்கேன். வழக்கமான செக்கப் முடிஞ்சு எழுந்திருக்கும்போது, பையிலிருந்து ஒரு ஃபார்மை எடுத்து மேசைமேல வெச்சார். "டாக்டர், இதுல ஒரு கையெழுத்து வேணும். கன் லைசென்சுக்கு அப்ளை பண்றேன்." மனைவி தவறி எட்டு மாசம் ஆகுது. பசங்க வெளிநாட்டுல. பெரிய தனி வீடு, பக்கத்துத் தெருவுல ஒரு திருட்டு நடந்திருக்கு. பயம். புரிஞ்சுக்க முடியற பயம்தான்.

இரண்டாமவன் என் அக்கா பையன். டல்லாஸ்ல வேலை. வாட்ஸ்அப்ல மூணு போட்டோ அனுப்பி, "மாமா, முதல் ரைஃபிள் வாங்கப் போறேன். செமி ஆட்டோமேட்டிக். பிகினருக்கு எது சரி? ஃப்ரெண்ட்ஸ் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றான். மாமா எம்.டி. படிச்சிருக்கார், அதனால எல்லாம் தெரியும்னு நினைக்கிற பையன். தி.நகர்ல வளர்ந்தவன். ரங்கநாதன் தெருவுல தீபாவளிக்கு வாங்கின ரோல் கேப் துப்பாக்கிதான் அவன் கையில் எடுத்த கடைசித் துப்பாக்கின்னு எனக்கு நல்லா தெரியும்.

ஒருத்தருக்குக் கையெழுத்து வேணும். இன்னொருத்தனுக்கு ஆலோசனை வேணும். ரெண்டு பேருக்கும் பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் கொஞ்சம் பின்னாடி போய்ப் படிச்சேன். மெட்ராஸ்காரனுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு நாம நினைக்கிறதைவிடப் பழசு, சுவாரசியமானது.

நம்ம ஊர்ல ஆயுதம் எப்போ வீட்டை விட்டுப் போச்சு? தெற்கே பாளையக்காரர் போர் முடிஞ்ச கையோட, 1801 டிசம்பர்ல, அப்போதைய சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். ராபர்ட் கிளைவோட மகன். கோட்டைகள் இடிக்கப்படணும், ஆயுதம் வெச்சிருக்கிற வழக்கமே ஒழியணும் என்பது அதோட சாரம். வேல், ஈட்டி, துப்பாக்கி எல்லாம் சாதாரணமா இருந்த தெற்குச் சீமையில் இரும்பு நிராயுதபாணி ஆனது அப்போதான். 1857க்குப் பிறகு அதே யோசனை நாடு முழுக்கப் பரவியது. 1878ல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாம இந்தியன் ஆயுதம் வெச்சிருக்கக் கூடாது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் விலக்கு. இதுதான் எல்லாரையும் எரிச்சலாக்கியது. துப்பாக்கி இல்லையேங்கிற வருத்தத்தைவிட, "உன்னை நம்ப மாட்டேன், அவனை நம்புவேன்" என்கிற அவமானம் பெருசு.

அந்த அவமானத்தை எதிர்த்துக் குரல் எழுந்த இடம் எது தெரியுமா? நம்ம ஆயிரம் விளக்கு. 1887 டிசம்பர்ல காங்கிரஸோட மூன்றாவது மாநாடு மெட்ராஸ்ல, மக்கீஸ் கார்டன்ல நடந்தது. தலைவர் பத்ருதீன் தியாப்ஜி. 607 பிரதிநிதிகள். அந்த மாநாட்டுல ஆயுதச் சட்டத்தை மாத்தணும்னு ஒரு தீர்மானம் வந்தது. பிபின் சந்திர பால் என்ற இளைஞர் எழுந்து ஆவேசமா பேசினார். பிற்காலத்தில் லால்-பால்-பால் மூவரில் ஒருவர் ஆன அதே பால்தான்.

ஒரு கிளைக்கதை, விட்டுட்டுப் போக மனசில்ல. காங்கிரஸ்ங்கிற யோசனையே மயிலாப்பூர்ல பிறந்ததுன்னு ஒரு பேச்சு உண்டு. 1884 டிசம்பர்ல அடையாறு தியாசபிகல் சொசைட்டி மாநாட்டுக்கு வந்தவங்கள்ல 17 பேர் திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் கூடிப் பேசினாங்க, அதிலிருந்துதான் விதை விழுந்ததுன்னு அன்னி பெசன்ட் எழுதியிருக்கார். எவ்வளவு தூரம் சரின்னு வரலாற்றாளர்கள் இன்னும் சண்டை போடறாங்க. மயிலாப்பூர்க்காரங்ககிட்ட மட்டும் சந்தேகமே கிடையாது.

இங்கே ஒண்ணு கவனிங்க. 1887ல் ஆயுதம் கேட்டவங்க யாரும் சண்டைக்காரங்க இல்ல. வக்கீல், வாத்தியார், பத்திரிகைக்காரர். அவங்க கேட்டது மரியாதை. துப்பாக்கி அதுக்கு ஒரு அடையாளம். இந்தக் குழப்பம், அதாவது பொருளையும் அது தர்ற மரியாதையையும் ஒண்ணாப் பார்க்கிறது, அப்புறம் பல இடத்துல வரும். என் அக்கா பையன்கிட்டயும் வந்தது.

செமி ஆட்டோமேட்டிக்னா என்னன்னு ஒரு நிமிஷம். விசையை ஒரு தடவை அழுத்தினா ஒரு குண்டு. குண்டு வெடிக்கும்போது வர்ற வாயுவோ பின்னுந்தலோ காலிக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவைத் தானே ஏத்திடும். நீங்க மறுபடி விசையை அழுத்தினா போதும். அழுத்திப் பிடிச்சா தொடர்ந்து பாயறது முழு ஆட்டோமேட்டிக், அது ராணுவத்துக்கு. போல்ட் ஆக்‌ஷன்ல ஒவ்வொரு முறையும் கையால கம்பியை இழுத்துத் தள்ளணும். வித்தியாசம் அந்த ஒன்றிரண்டு விநாடிதான். அந்த ஒன்றிரண்டு விநாடியைப் பத்தி அப்புறம் பேசறேன்.

தமிழ்நாட்டு வரலாற்றில் இந்தத் தானே ஏறும் துப்பாக்கி பெரிய அளவில் பேர் வாங்கினது 1911 ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷன். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். வாஞ்சிநாதன் ஏறிச் சுடுகிறார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் எஃப்.என். நிறுவனம் செய்த பிரௌனிங் ஆட்டோமேட்டிக் பிஸ்டல். பேர்தான் ஆட்டோமேட்டிக், வேலை செமி ஆட்டோமேட்டிக். அவருக்குச் சுடப் பயிற்சி கொடுத்தவர் புதுச்சேரியில் இருந்த வ.வே.சு. ஐயர். புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்க ஊர், 1878 சட்டம் அங்கே செல்லாது. மூணு வருஷம் கழிச்சு 1914 ஜூன் 28 அன்று சராயெவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் இதே எஃப்.என். கம்பெனி செய்த பிரௌனிங் வகை பிஸ்டல்தான். ஒரே தொழிற்சாலை. மணியாச்சிக்கு ஒண்ணு, உலகப் போருக்கு ஒண்ணு.

வாஞ்சி அடுத்த சில நிமிஷத்தில் அதே ஸ்டேஷன் கழிவறையில் அதே பிஸ்டலால் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் தெரிஞ்சு எடுத்த அரசியல் முடிவு அது. ஆனா டாக்டர்ங்கிற முறையில் ஒரு விஷயத்தை நான் மனசில குறிச்சு வெச்சுக்கறேன். வெளியே நீட்டின துப்பாக்கி அன்னைக்கே உள்ளேயும் திரும்பியது.

இப்போ தேனாம்பேட்டைக்கு வாங்க. டி.எம்.எஸ். வளாகத்துக்கு வேலையாப் போற டாக்டர்களுக்கு அந்த ஏரியா அத்துப்படி. மவுண்ட் ரோடு ஓரம் அந்தக் காலத்தில் நியூயிங்டன்னு ஒரு பங்களா இருந்தது. ஊர்ல மைனர் பங்களான்னு சொல்வாங்க. அப்பா இறந்து, வயசுக்கு வராத ஜமீன் வாரிசுகளை கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்னு ஒரு அரசுத் துறை தன் பொறுப்பில் எடுத்துக்கும். அந்தப் பசங்களை இங்கிலீஷ் ஸ்டைலில் வளர்க்கிற விடுதி இது. பிரின்சிபல் பேரு கிளமென்ட் டி லா ஹே.

வேட்டை இந்தக் குடும்பங்களில் பிறப்புரிமை மாதிரி. காட்டு ஜமீன்ல வளர்ந்த பையனுக்குத் துப்பாக்கி ஒரு விளையாட்டுச் சாமான். அப்படிப்பட்ட பதின்வயசுப் பசங்க ஊரை விட்டு, அப்பா இல்லாம, கண்டிப்பான வெள்ளைக்காரர் கீழே ஒரே கூரையில்.

1919 அக்டோபர் 15 இரவு. டி லா ஹே தூங்கும்போது மிக அருகில் வைத்துச் சுடப்பட்டார். ஊர் கொந்தளித்தது. கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன்களின் இளம் வாரிசுகள் மேல் வழக்கு. மெட்ராஸ்ல நியாயமா விசாரிக்க முடியாதுன்னு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாத்தினாங்க. சிங்கம்பட்டியார் அப்ரூவர் ஆனார். கடம்பூரார் விடுதலை ஆனார். யார் சுட்டதுன்னு சட்டப்படி இன்னைக்கு வரைக்கும் தீரல. ஏன் சுட்டாங்கங்கிறதுக்கு அந்தக் காலத்திலேயே பல வதந்தி: அவர் பசங்களைத் தமிழர்னு இழிவாப் பேசினாருன்னு ஒண்ணு, வீட்டு விவகாரம்னு இன்னொண்ணு. அதுக்குள்ள நான் போகல. எனக்கு முக்கியம் வேற: கோபக்கார இளரத்தம் நிறைஞ்ச ஒரு வீட்டுல, ராத்திரி, யாரோ ஒருத்தர் கைக்கெட்டற தூரத்தில் தோட்டா போட்ட துப்பாக்கி இருந்தது.

இந்தக் கேஸுக்கு இன்னொரு வால் உண்டு. சிங்கம்பட்டி ஜமீன் வழக்குச் செலவில் கடனாளி ஆனதாகவும், அதனாலதான் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் 8,373 ஏக்கரை 1929ல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டதாகவும் பரவலாச் சொல்வாங்க. அதுதான் மாஞ்சோலை. தேனாம்பேட்டையில் ராத்திரி வெடிச்ச ஒரு தோட்டா, நாலு தலைமுறைத் தேயிலைத் தொழிலாளிகளோட வாழ்க்கையில் போய் முடியுது. குத்தகை 2028ல் முடியுது. அந்த மலையிலிருந்து இறங்கச் சொன்ன குடும்பங்களோட கதை தனி த்ரெட்.

சரி, சுதந்திரம் வந்தது. 1887 தீர்மானம் என்ன ஆச்சு? 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் அடிப்படை உரிமைகள் பட்டியலில் ஆயுதம் வெச்சிருக்கிற உரிமையும் இருந்தது, விதிமுறைகளுக்கு உட்பட்டு. அதனால 1948 டிசம்பர்ல அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் எழுந்து, "அந்த உரிமையைச் சேருங்க" என்கிற பொருளில் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏத்துக்கல. எல்லாருக்கும் உரிமைன்னா குற்றமே தொழிலா இருக்கிறவனுக்கும் அது உரிமை ஆகிடும், கட்டுப்படுத்தற அதிகாரம் அரசுகிட்ட இருக்கட்டும் என்பது அவர் பதிலோட சாரம். வரைவுக்குழுவில் நம்ம லஸ் சர்ச் ரோட்டு அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் இருந்தார். ஆக, அமெரிக்காவில் 1791லேயே அரசியல் சட்டத்துக்குள் போன விஷயம், நம்ம சட்டத்துக்குள் வரவே இல்லை. நம்ம நாட்டுல துப்பாக்கி உரிமை இல்ல, அனுமதி. டல்லாஸுக்கும் அடையாறுக்கும் உள்ள முழு வித்தியாசமும் இந்த ரெண்டு வார்த்தைக்குள்ள இருக்கு.

1959ல் புது ஆயுதச் சட்டம், 1962 அக்டோபர் 1 முதல் அமல். இனப் பாகுபாடு போச்சு, லைசென்ஸ் இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைங்கிற காரணமும் அநேகமா ஒழிஞ்சது. அதுக்கு முன்னாடியே மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் ரோடுல, இப்போ ராதாகிருஷ்ணன் சாலை, மா. கிருஷ்ணன் துப்பாக்கிக்குப் பதிலா கேமராவோட யானைக்குப் பின்னாடி நடந்துக்கிட்டிருந்தார். 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் நின்னது. அதனால தாத்தா காலத்து வெப்லி, வால்தர் எல்லாம் இன்னைக்குக் கார் விலை.

இன்னைக்குச் சென்னையில் முதல் தடவை லைசென்ஸ் வாங்கறவருக்கு உண்மையில் என்ன தேர்வு இருக்கு? செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் சாதாரண லைசென்சுல நடைமுறையில் கிடையாது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விதி. மத்தவங்களுக்குப் பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைச் சரக்கு: .32 ரிவால்வர் (கான்பூர்ல பண்றது, பெண்களுக்குன்னு விளம்பரம் பண்ணி 2014ல் வந்த நிர்பீக் அந்த வகைதான், சுமார் அரை கிலோ), இஷாப்பூர் .32 பிஸ்டல், .315 போல்ட் ரைஃபிள், 12 போர் துப்பாக்கி. நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் 12 போர் பம்ப் ஆக்‌ஷன் செய்யுது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருத்தர் ரெண்டுக்கு மேல வெச்சிருக்க முடியாது, லைசென்ஸ் அஞ்சு வருஷத்துக்கு. தேர்தல் வந்தா பெரும்பாலும் ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கிக்கணும்.

2016 விதிகளின்படி மருத்துவச் சான்று வேணும். உடம்பும் மனசும் சரியா இருக்குன்னு. அந்தக் கையெழுத்துதான் என் மேசைக்கு வந்தது.

இந்த இடத்துல ராமாபுரம் பத்திப் பேசாம போக முடியாது. 1967 ஜனவரி 12 சாயங்காலம். எம்.ஜி.ஆர். வீட்டுக்கு எம்.ஆர். ராதாவும் ஒரு தயாரிப்பாளரும் போறாங்க. பேச்சு முற்றுது. குண்டு எம்.ஜி.ஆரோட இடது காதோரம் பாயுது. ராதா தன்னையும் சுட்டுக்கிறார். திரும்பவும் அதே பாட்டர்ன், கவனிச்சீங்களா? ரெண்டு பேரையும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜி.எச். கொண்டுபோனாங்க. ரெண்டு பேரும் பிழைச்சது அதிசயம். எம்.ஜி.ஆருக்குக் குண்டு முதல் கழுத்தெலும்புப் பக்கம் போய் நின்னது. அனாடமி படிச்சவங்களுக்குத் தெரியும், அந்த விரல்கடை இடத்தில் மூளைக்குப் போற ரத்தக் குழாய், தண்டுவடம், குரல் நரம்போட கிளை எல்லாம் நெருக்கியடிச்சுப் போகுது. சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தா தமிழ்நாட்டு அரசியல் வரலாறே வேற. இடது காது கேட்கும் திறன் போச்சு, குரல் மாறிப்போச்சு. கழுத்துக் கட்டோட இருந்த போஸ்டர் அடுத்த மாசத் தேர்தலில் ஊர் முழுக்க. பரங்கிமலையில் ஜெயிச்சார்.

தோட்டா ரொம்பப் பழசு, பல வருஷம் மேசை டிராயருக்குள்ளே கிடந்து வேகம் குறைஞ்சுபோச்சு, அதனாலதான் பிழைச்சாங்க என்பது அந்த வழக்குக்கு வழக்கமா சொல்லப்படற விளக்கம். இருக்கலாம். ஆனா டிராயர்ல பல வருஷம் சும்மா கிடந்த ஒரு பொருள், ஒரு சாயங்காலக் கோபத்துல வெளியே வந்ததுங்கிறதுதான் எனக்குப் படற விஷயம். வாங்கினபோது அந்தச் சாயங்காலத்துக்காக வாங்கல.

இனி மருத்துவம். 2020ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்தது. கலிஃபோர்னியாவில் 2.6 கோடி பெரியவங்களை 2004லிருந்து 2016 வரை பின்தொடர்ந்தாங்க. கைத்துப்பாக்கி வாங்கின ஆண்கள் தற்கொலையால் இறக்கிற வாய்ப்பு, வாங்காதவங்களைவிட மூணு மடங்குக்கும் மேல. பெண்களுக்கு ஏழு மடங்கு. துப்பாக்கியால் மட்டும்னு பார்த்தா ஆணுக்கு சுமார் எட்டு மடங்கு, பெண்ணுக்கு 35 மடங்கு. இந்த அபாயம் உச்சத்துல இருந்தது எப்போ? வாங்கின உடனே, முதல் மாசத்துல. சிலர் அந்த எண்ணத்தோடவே வாங்கியிருப்பாங்க, சரி. ஆனா பாதிக்கு மேற்பட்ட மரணம் ஒரு வருஷம் கழிச்சு நடந்தது. அவங்க வாங்கினது திருடனுக்காகத்தான் இருக்கும்.

இதுல புரிஞ்சுக்க வேண்டியது, தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி. வரும், உச்சிக்குப் போகும், இறங்கும். அந்த நேரத்துல கைக்கெட்டற பொருள் எவ்வளவு கொடியதுங்கிறதைப் பொறுத்து ஆள் பிழைப்பார் அல்லது பிழைக்க மாட்டார். இலங்கை இதுக்குப் பெரிய சாட்சி. 1990களின் நடுவில் உலகத்திலேயே அதிகத் தற்கொலை விகிதம் உள்ள நாடுகள்ல ஒண்ணு. கொடிய பூச்சிமருந்துகளை வரிசையாத் தடை பண்ணாங்க. இருபது வருஷத்துல விகிதம் சுமார் 70 சதவீதம் குறைஞ்சது. மனக்கஷ்டம் 70 சதவீதம் குறையல. பொருள் குறைஞ்சது. துப்பாக்கி எல்லாத்தையும்விடக் கொடிய பொருள், அங்கே ரெண்டாவது வாய்ப்பு பத்தில் ஒருத்தருக்கு இருந்தா அதிகம்.

"டாக்டர், நீங்க ஒரு பக்கமாவே பேசறீங்க"ன்னு கமெண்ட் வரும், தெரியும். யானை வர்ற எஸ்டேட், தனியா இருக்கிற தோட்ட வீடு, நிஜமான கொலை மிரட்டல் உள்ள ஆள், இவங்களுக்கெல்லாம் தேவை இருக்கலாம். குடகுக்காரங்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கு, அது அவங்க பண்பாடு. சுடுதல் ஒரு அருமையான விளையாட்டு, மூச்சையும் மனசையும் கட்டுப்படுத்தக் கத்துக்கொடுக்கும். அபினவ் பிந்த்ரா 2008ல் தங்கம் வாங்கினது ஏர் ரைஃபிள்ல. இந்தியாவில் 20 ஜூலுக்குள்ள சக்தி, 4.5 மில்லிமீட்டருக்குள்ள துளை இருக்கிற ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸே வேண்டாம். ஆசை இருக்கிறவங்க அங்கேயே நிறுத்திக்கலாம்னு என் கருத்து.

இப்போ அக்கா பையன். அவன் அனுப்பின மூணு போட்டோவில் ரெண்டு ஏ.ஆர்-15 வகை. ஒண்ணு ரூகர் 10/22. ஏ.ஆர்.னா அசால்ட் ரைஃபிள்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்ல, ஆர்மலைட்ங்கிற கம்பெனிப் பேரு. 1950களில் ராணுவத்துக்காக வடிவமைச்சது, 1964லிருந்து கோல்ட் கம்பெனி பொதுமக்களுக்குச் செமி ஆட்டோமேட்டிக்கா வித்தது. ரூகர் 10/22வும் அதே 1964. சின்ன .22 தோட்டா, பத்துத் தோட்டா சுழல் மேகசின். அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையா பசங்க முதன்முதலில் குறிபார்க்கக் கத்துக்கிற ரைஃபிள்.

அவனுக்கு நான் கடைக்காரன் மாதிரி பேசல, டாக்டராப் பேசினேன். .22 தோட்டாவோட சக்தி 200 ஜூலுக்குள்ள. ஏ.ஆர்-15ல் போடற .223 சுமார் 1,700 ஜூல். முன்னது உடம்புக்குள்ள ஒரு துளை போடும், அதுவே உயிரைப் பறிக்கப் போதும், ஏமாறக் கூடாது. பின்னது வேகத்தால சுத்தியுள்ள திசுவை ஒரு கணம் பலூன் மாதிரி விரிச்சுக் கிழிக்கும், உள்ளேயே துண்டாகும். கல்லீரல்ல பட்டா தைக்கிறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. சத்தமும் உதைப்பும் குறைவா இருக்கிறதுல கத்துக்கறவனுக்குத் தான் என்ன தப்புப் பண்றோம்னு தெரியும். பெரிய சத்தத்துல கண்ணை மூடிக்குவான், அந்தப் பழக்கம் லேசில் போகாது. அதனால "வாங்கியே தீருவேன்னா சின்னது, அதுவும் முடிஞ்சா போல்ட் ஆக்‌ஷன்" என்றேன். அந்த ஒன்றிரண்டு விநாடி சொன்னேனே, அது இங்கேதான். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையை எடுத்து, கம்பியை இழுத்து, யோசிச்சு அடுத்தது. கத்துக்கிற எவனுக்கும் அந்தத் தாமதம் நல்லது. கூடவே ஆஸ்திரேலியா கதையையும் சொன்னேன்: 1996 ஏப்ரல் 28, போர்ட் ஆர்தர், ஒரே ஆள் கையில் 35 பேர் இறந்தாங்க. பன்னிரண்டு நாள்ல அந்த நாடு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்குக் கதவை மூட முடிவெடுத்தது, ஆறரை லட்சத்துக்கு மேல் துப்பாக்கியைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது.

அப்புறம் கேட்டேன், "எதுக்குடா இப்போ?" ஆபீஸ்ல எல்லாரும் வாரக்கடைசி ரேஞ்சுக்குப் போறாங்க, இவன் மட்டும் வேடிக்கை பார்க்கிறான். "நானும் அவங்கள்ல ஒருத்தன்னு இருக்கணும் மாமா." 1887 ஆயிரம் விளக்குக் கூட்டத்தில் கேட்டது மாதிரியே இருந்தது எனக்கு. வீட்டுல ரெண்டரை வயசுக் குழந்தை இருக்கு. "சரி, ரேஞ்சுலயே வாடகைக்கு எடுத்து ஆறு மாசம் சுடு. வீட்டுக்குக் கொண்டுவரணும்னா அதுக்கு முன்னாடி இரும்புப் பெட்டி வரணும், தோட்டா தனிப் பூட்டுல, சாவி உன் பொண்டாட்டிக்கும் தெரிஞ்ச இடத்துல இருக்கக் கூடாது, அவளுக்கும் தெரியாம இருக்கக் கூடாது, ரெண்டு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணுங்க" என்றேன். குழப்பமாத்தான் சொன்னேன், ஒத்துக்கறேன். இதுவரைக்கும் வாடகை ரைஃபிள்தான் சுடறான். அக்காவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. இந்த த்ரெட்டைப் படிச்சா தெரியும்.

அடையாறு சாருக்கு வர்றேன். ஃபார்மைத் தள்ளிவெச்சுட்டு, "சார், ராத்திரி தூக்கம் எப்படி?" என்றேன். சரியில்ல. "சாப்பாடு?" ஒருவேளை. "வாழ்க்கை போதும்னு தோணியிருக்கா?" இந்தக் கேள்வியைக் கேட்டா எண்ணம் வந்துடும்னு பயப்படறவங்க இருக்காங்க. வராது. கேட்டா பெரும்பாலும் நிம்மதிதான் வரும். அவர் ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். வெளியே ஏழெட்டுப் பேர் டோக்கனோட உட்கார்ந்திருந்தாங்க, இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

"இப்போ இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார். கோவிச்சுக்காதீங்க. பொய் எழுதற மாதிரி இருக்கும்" என்றேன். கோவிச்சுக்கல. நண்பரான மனநல மருத்துவர்கிட்ட அனுப்பினேன். மருந்து ஆரம்பிச்சாங்க. வீட்டுக்கு கேமரா, கதவுக்கு ரெண்டாவது தாழ்ப்பாள், மாடி போர்ஷனுக்கு வேலைக்குப் போற ஒரு இளம் தம்பதியை வாடகைக்கு வெச்சிருக்கார். சாயங்காலம் அந்த வீட்டுக் குழந்தை கீழே வந்து டிவி ரிமோட்டை ஒளிச்சு வெக்குதாம்.

போன செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு வந்தார். வெறும் வயித்துச் சர்க்கரை 128, பிபி 134/82. ஃபார்ம் பத்தி அவரும் கேட்கல, நானும் கேட்கல. அது இன்னும் என் டிராயர்லதான் இருக்கு.

உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ இதுமாதிரி எண்ணம் இருந்தா, தமிழ்நாடு அரசு உதவி எண் 104. டெலி-மானஸ் 14416. ரெண்டுமே 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம்.